மூன்றாவது சொந்தக்காரர்

என் பேச்சியம்மாளுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முன்னால்கூட எழுதியதில்லை. உன் ஹாஸ்டல் வாசலில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி ரெண்டு தரம் ஹாரன் அடித்ததோடு சரி. அதையே நீ உன் ஊர் சங்கரன்கோவில் வரைக்கும் சொல்லிச் சிரித்தாய்.

சேதி இதுதான்: முனுசாமியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

உனக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஒரகடத்தில் கார் லைனின் கடைசியில் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் நம்பரையும் தாளில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பது உன் வேலை. பதினாலு வருஷம் அதைத்தான் செய்தாய். அது தெரிந்துதான் வல்லம் வடகாலில் ஷெட் போட்டு பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஆரோக்கியம் அண்ணன் உன்னைத் தேடி வந்தார். சென்னையில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர், இத்தாலியில் செய்த ஒரு காரை அவரிடம் விட்டிருந்தார். எழுபதுகளில் கப்பலில் வந்த வண்டி. தரையோடு ஒட்டிப் படுத்த மாதிரி உயரம். நம்பர் தேய்ந்துபோயிருந்தது. ஓர் எண் மாறினாலும் அது வேறு யாரோ ஒருவருடைய காரின் கதையாகிவிடும் என்றார்.

நீ மெல்லிய தாளை அதன்மேல் வைத்து பென்சிலால் தேய்த்தாய். எல்லோரும் மூன்று என்று படித்ததை எட்டு என்றாய். நம் மகள் கயல் அந்த நம்பரைப் போட்டு இத்தாலிக்கு மெயில் அனுப்பினாள். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. எட்டுதான். வண்டி பிறந்தபோது அதன் நிறம் இப்போதைய சிவப்பு இல்லை, கரும்பச்சை என்றும் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நீ சோற்றைக் குழைய விட்டுவிட்டாய்.

அதற்கப்புறம் நீ விடவில்லை. இந்த மாதிரி வண்டிக்கு யார் யார் கையில் இருந்தது என்ற வரிசை அறுபடாமல் இருக்க வேண்டுமாம். முதலில் நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்காரர். அவரிடமிருந்து சென்னையில் ஒரு மில் முதலாளி. பிறகு அந்த முதலாளியின் மருமகன், அவரிடமிருந்துதான் இப்போதைய சென்னைக்காரர். முதலாளிக்கும் மருமகனுக்கும் நடுவில் கொஞ்ச காலம் யார் பெயரில் இருந்தது என்று தெரியவில்லை. சீட்டைப் பிரித்தபோது தோலுக்கு அடியில் ரெண்டு தாள் கிடைத்தது: ஓர் இன்சூரன்ஸ் தாள், ரெண்டு வருஷத்துக்கான ஒரு வரி ரசீது. ரெண்டிலும் அதே சேசிஸ் நம்பர். சொந்தக்காரர் பெயர் கே. முனுசாமி, பல்லாவரம்.

மில் குடும்பத்தில் கேட்டால் அப்படி யாரையும் தெரியாது என்றார்கள். புரோக்கராக இருக்கும் என்றார் ஆரோக்கியம் அண்ணன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "புரோக்கர் வண்டிக்கு ரெண்டு வருசம் வரி கெட்டுவானா? இவுக வேற ஆளு" என்றாய். வர்ற ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் போகலாம் என்று சொன்னாய். அந்த வியாழக்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. உனக்குத் தெரியாததா?

நீ போன பிறகு ஆறு மாதம் அந்த ஃபைலை நான் தொடவில்லை. அப்புறம் ஒரு வார லீவில், என்ன தோன்றியதோ, எடுத்துக்கொண்டு பல்லாவரம் கிளம்பினேன். அந்த விலாசத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு. எதிரே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரிடம் பெயரைச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, "டிரைவர் முனுசாமியா? மறைமலை நகர்ல பொண்ணு வூட்ல கீறாரு" என்றார்.

டிரைவர். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், பேச்சி. நீ இருந்திருந்தால் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாய்.

மறைமலை நகரில் கீழ்த்தளத்து வீடு. எண்பது தாண்டியிருக்கும் அவருக்கு. காது நன்றாகக் கேட்கிறது. மகள் கலா நாற்காலி எடுத்துப் போட்டாள். நானும் டிரைவர்தான், கம்பெனி பஸ் ஓட்டுகிறேன் என்றதும், என்ன வண்டி, எத்தனை சீட்டு, பிரேக் எப்படி என்று அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். அப்புறம் மெதுவாக அந்தக் காரின் பெயரைச் சொன்னேன்.

கலா சிரித்துவிட்டாள். "அய்யோ அண்ணா, உங்க காதுக்கும் அந்தக் கதை வந்துடுச்சா? அந்த வண்டி அவர் பேர்ல இருந்துச்சாம். நாங்க சின்ன வயசுலேர்ந்து கேட்டுகினு கீறோம்."

அந்தப் பேச்சையே விட்டு ரொம்ப நாளாகியிருக்கும் என்று பெரியவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு கலாவே சொன்னாள்: தன் புருஷன் அதை வைத்துக் கேலி செய்ய ஆரம்பித்ததிலிருந்து அவர் அந்தக் காரைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நான் ரெண்டு தாளையும் எடுத்துக் கலாவிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். பெயரைப் படித்தாள். பழைய வீட்டு விலாசத்தைப் படித்தாள். அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நைனா, எங்கள ஒரு நாளு கூட அதுல ஏத்தினு போகலையே?"

"வண்டி என் பேர்ல இருந்துச்சு. சாவி அவங்ககிட்ட இருந்துச்சு" என்றார் அவர்.

நடந்தது இவ்வளவுதான். அவர் டிரைவராக இருந்த மில் முதலாளி வீட்டுக்கு வருமான வரிக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஒரு பயம். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டு, காரை அவர் பெயருக்கு மாற்றுகிற தாளை நீட்டி, கையெழுத்துப் போடு முனுசாமி என்றிருக்கிறார்கள். போட்டார். ரெண்டு வருஷம் கழித்து, மருமகன் பெயருக்கு மாற்ற இன்னொரு தாளை நீட்டினார்கள். அதிலும் போட்டார். நடுவில் அந்தக் காரைத் துடைத்ததும் ஓட்டியதும் எப்போதும் போல அவர்தான்.

இதை வரிசையில் சேர்த்து ஆரோக்கியம் அண்ணனிடம் கொடுத்தேன். அங்கேதான் சிக்கல் வந்தது. காரை ஒரு கண்காட்சிக்கு அனுப்புவதற்காக அதன் வரலாற்றை அச்சடிக்கப் போகிறார்கள். காரை விட்டிருந்த சென்னைக்காரரின் மேனேஜர் ஷெட்டுக்கு வந்து படித்துவிட்டு, மூன்றாவது பெயரை எடுத்துவிடலாம் என்றார். மில் குடும்பம் என்று மொத்தமாகப் போட்டால் போதும், நடுவில் ஒரு டிரைவர் வந்தால் பார்க்கிறவர்கள் ஏதோ தில்லுமுல்லு என்று நினைப்பார்கள் என்றார். அந்த ரெண்டு தாளும் வண்டியோடு சேர்ந்தவை, திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்டார்.

அது நியாயம்தான். கொடுத்துவிட்டேன். "பேப்பர் உங்களோடது. ஆனா யாரு வந்து கேட்டாலும் நான் உள்ளதத்தான் சொல்வேன்" என்றேன். உனக்குத் தெரியும், நான் சூப்பர்வைசரிடம்கூட எதிர்த்துப் பேசாதவன்.

நான் எதிர்பார்க்காதது ஆரோக்கியம் அண்ணன் பேசியதுதான். அந்த ஷெட்டுக்கு இதைவிடப் பெரிய வேலை வந்ததில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பேச்சியம்மா எழுதின வரிசைய முழுசா போடுங்க சார். இல்லன்னா வண்டிய சரி பண்ணவன்னு என் கையெழுத்தக் கேக்காதீங்க" என்றார். மேனேஜர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் போன் இல்லை. அண்ணன் வீட்டில் சண்டை என்று கேள்விப்பட்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. செத்துப்போன பெண்டாட்டியின் பிடிவாதத்துக்காக உயிரோடு இருக்கிறவர் பிழைப்பைக் கெடுக்கிறோமா என்றுகூட நினைத்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பதினோராம் நாள் சென்னைக்காரரே ஷெட்டுக்கு வந்தார். அந்த முனுசாமி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். நான் ஆட்டோ வைத்து மறைமலை நகரிலிருந்து பெரியவரையும் கலாவையும் கூட்டிவந்தேன். பெரியவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தொடவில்லை. ஏறி உட்காருங்கள் என்று சென்னைக்காரர் சொன்னதற்கு வேண்டாம் என்றார். "காலைல எடுத்தவொடனே செகண்ட் கியர் போடாதீங்க. மொத ரெண்டு மைல் ஃபர்ஸ்ட்லேர்ந்து தேர்டுக்குப் போயிடணும். ஆயில் சூடேறுற வரைக்கும் அது முரண்டு பண்ணும்" என்றார். ஆரோக்கியம் அண்ணன் சென்னைக்காரரைப் பார்த்தார். ஒரு மாதமாக அண்ணன் தலையை உடைத்துக்கொண்டிருந்தது அந்த செகண்ட் கியரோடுதான்.

பெயரைப் போட்டுவிடலாம், டிரைவர் என்ற சொல் மட்டும் வேண்டாமே என்று மேனேஜர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. "கே. முனுசாமின்னு பல்லாவரத்துல பத்து பேர் இருந்தான். டிரைவர்னு போட்டாத்தான் அது நானு" என்றார். சென்னைக்காரர், அப்படியே போடுங்கள் என்றார்.

போட்டார்கள். போன வாரம் அச்சான பக்கத்தின் பிரதி ஒன்று கலா கைக்கு வந்தது. அவள் புருஷன் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர்தான் இப்போது அந்தக் கதையைச் சொல்கிறாராம். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போயிருந்தேன். கலா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லாரு பேரும் கீது. அக்கா பேரு எங்க?" என்று கேட்டாள்.

பேச்சி, முனுசாமி பெயருக்காக அத்தனை நாள் நின்றவன், உன் பெயரைக் கேட்கவே மறந்துபோனேன். மறுநாள் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அது சொந்தக்காரர்கள் வரிசை, தேடினவர்கள் பெயரை அதில் போடுகிற வழக்கம் இல்லை என்றார். அவர் சொன்னது தப்பில்லை.

அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். தேய்ந்துபோன எட்டைப் படித்தது நீ. புரோக்கர் இல்லை என்று சொன்னது நீ.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உன்னைக் கேட்டுப் போன் செய்தார். அவரிடமும் ஓர் இத்தாலிக் கார் இருக்கிறதாம், யார் யார் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லையாம். நீ இல்லை என்று சொன்னேன். போனை வைத்துவிடப் போனவரை நிறுத்தி, நம்பரை அனுப்புங்கள் என்றேன்.

உன் அளவுக்கு எனக்குக் கண் கூர்மை கிடையாது. பென்சிலை அழுத்தித் தாளைக் கிழித்துவிடுவேன். ஆனாலும் தேடுகிறேன். வார லீவெல்லாம் இனி அதற்குத்தான், மெயில் எழுதக் கயல் இருக்கிறாள். புது ஃபைல் வாங்கிவிட்டேன். முதல் தாளில் சொந்தக்காரர்கள் பெயரை எழுதும் முன்பு, தேடுபவர் பேச்சியம்மாள் என்று எழுதியாகிவிட்டது. எந்த மேனேஜர் சொன்னாலும் அதை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
தணிகாசலம்