சிட்டுவைச் சுற்றி இத்தனை பேர்

மார்ச் 3
கொதிகலன் வெடித்து இருபது நாள். இன்று சலவைக்கூடத்தைத் திறந்தார்கள். அன்று ஒரே மேசைக்கடியில் கிடந்தவர்கள் நானும் சிட்டுவும். அவளை வாசல்வரை கொண்டுவந்து விட நாலு பேர் — கணவன், அக்கா, மாமியார், நாத்தனார். நான் பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 5
குக்கர் விசிலடித்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். "பல்லி" என்றேன். ராத்திரிக் கனவில் மறுபடி கொதிகலன் வெடித்தது.

மார்ச் 9
குழாயில் நீராவி சீறியது. சிட்டு அழுதாள். அரைமணியில் அக்காக்காரி வந்து முதுகைத் தடவுகிறாள். பத்தே நிமிஷம், சிரிக்கிறாள்! எனக்கும் அதே சத்தம்தானே கேட்டது? நான் துணிமூட்டைக்குப் பின்னால் பதுங்கியதை யார் பார்த்தார்கள்? எழுதவே கூசுகிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 10
வெளியூரிலிருந்து அண்ணன் ஃபோன். "எப்படிம்மா இருக்க?"
"நல்லாத்தான் இருக்கேன்." வைத்துவிட்டேன்.

மார்ச் 14
மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். "அவ நடிக்கிறா சார். வீட்டுல எல்லாரும் தாங்குறாங்கல்ல, அதான்." உடனே சிட்டுவைத் துணி மடிக்கும் மேசையிலிருந்து நீராவி இஸ்திரிக்கு மாற்றினார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இருந்தது — பொய்யெழுத மாட்டேன்.

மார்ச் 15
சிட்டு இஸ்திரி பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். அய்யோ, என்ன பண்ணிட்டேன் நான்?

மார்ச் 16
அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தாள்.
"நான்தான் போட்டுக்கொடுத்தேன், சிட்டு."
"ஏன்க்கா?"
"உன்னைச் சுத்தி இத்தனை பேர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் பயந்தா பயந்தேன்னு சொல்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்றேன். நீ யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லங்கிற. ஒண்ணுமில்லாதவளுக்கு யாருக்கா வருவா? ... இப்ப போயிடு. உன்னைப் பார்க்க முடியல."

மார்ச் 17
மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். சிட்டுவுக்குப் பழைய மேசை, இஸ்திரிக்கு நான். சாயங்காலம்வரை, நீராவி சீறும்போதெல்லாம் பின்வாங்கிப் பின்வாங்கித் தேய்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். "நல்லாயில்லண்ணா."
"இரு, வர்றேன்" என்றான்.

மார்ச் 20
விடுமுறை. சிட்டு இன்னும் என்னிடம் பேசவில்லை. பேசுவாளோ, மாட்டாளோ.
அண்ணன் டீ போடுகிறேனென்று அடுப்பெல்லாம் கொட்டிவைத்தான். திட்டிக்கொண்டே துடைத்தேன். மத்தியானம் அவன் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் தரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். கனவே வரவில்லை.