நீ பாக்தாத்திலிருந்து கேட்ட கேள்வி

துபாயிலிருந்து வந்த அக்காள் மகன் ஒரு பொதி உலர்ந்த எலுமிச்சை கொண்டுவந்திருந்தான். இன்று காலை ஒன்றை உடைத்துப் பால் விடாத கட்டன்சாயாவில் போட்டேன். அந்தப் புளித்த கருகல் மணம் எழுந்ததும், பாக்தாத்தில் நாம் சேர்ந்து வேலை பார்த்த, நீ தினமும் இதே சாயா போட்டுத் தந்த ஏசி பட்டறை முன்னால் வந்து நின்றது. அப்புறம் குடிக்க முடியவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் மழை பெய்கிறது. உனக்குத் தமிழ் தெரியாது, நீ செத்து வருடங்கள் ஆகின்றன, இருந்தும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த தமிழ் ஒரே சொல்தான். நானும் நம்மோடு வேலை பார்த்த புதுக்கடை ஊர்க்காரனும் வாய்க்கு வாய் ‘மக்கா, மக்கா’ என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு, இவர்கள் எந்நேரமும் ஹஜ் நினைப்பிலேயே இருக்கிறார்கள் என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்தாய். எங்கள் ஊரில் சேக்காளியை அப்படித்தான் அழைப்போம் என்று விளக்கிய பிறகு, என்னையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாய்.

உன் அண்ணனைப் பற்றிப் பேசும்போது மட்டும் கம்ப்ரஸரை ஓடவிடுவாய். அந்தச் சத்தத்துக்குள்தான் சொன்னாய்: சாயாக்கடையில் அதிபரைப் பகடி செய்ததற்காக அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், உடல்கூடத் திரும்பவில்லை. அந்நியப் படை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது, குடும்பத்தோடு ஜோர்டானுக்குப் போய்விடட்டுமா என்று என்னிடம் கேட்டாய். ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டே, எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், அந்த ஆள் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும், வீட்டை விட்டுப் போகாதே என்றேன். பெரிய புத்திசாலி நான். நீ போகவில்லை.

ஆட்சி விழுந்த பிறகு போனில் அழுதாய். அண்ணன் பெயரை நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொன்னாயாம். நானும் இங்கே எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வருடம், உன் மகன் ரொட்டி வாங்கப் போன கடைத்தெருவில் குண்டு வெடித்தது. வைத்தது யார் என்றுகூட உனக்குத் தெரியவில்லை.

இப்போது டிவியில் வேறொரு நாடு, வேறொரு அதிபர். நேற்று அக்காள் மகன் கேட்டான்: “மாமா, நீங்க அங்க இருந்த ஆளுல்லா. அன்னைக்குப் பாக்தாத்துக்குப் படை போனது வேண்டியதுதானா, இல்லியா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. தேவை என்று சொல்ல வாயெடுத்தால் உன் மகன் முகம் வருகிறது. தேவையில்லை என்றால் உன் அண்ணனுக்கு என்ன பதில்? இத்தனை வருடம் யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

மகனை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து நீ அழைத்தாய். குரலில் அழுகை இல்லை.

“அவர்கள் வந்திருக்க வேண்டுமா? நீ சொல்லு.”

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் உன் மனைவி அழைத்தாள். அந்நியப் படையின் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தத் தாமதித்தாய் என்று உன்னைச் சுட்டுவிட்டார்களாம்.

அன்று போனில் நீ கேட்ட ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.