கருப்பன் துப்பிய வெள்ளை ஒயின்

போடிநாயக்கனூர்

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் தங்கச்சி தமிழினியும் நானும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி பிரதீப்பிடம் கொடுத்துவிடுகிறேன். ஏலக்காய் எடுப்புச் சோலியில் தாமதமாகிவிட்டது. ஒயின் ருசி பார்க்கும் படிப்பில் சேரட்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பாட்டில் வந்தது. சோவாவே என்று பெயராம், இத்தாலியில் நீ ஓட்டல் வேலை பார்க்கிற வெரோனாவுக்குப் பக்கத்துத் திராட்சையாம். கூடவே எதோடு குடிக்க வேண்டும் என்று இரண்டு பக்க விளக்கம் வேறு. எலுமிச்சை பிழிந்த மீன், வெண்ணெயில் குழைத்த சோறு, இளம் பால்கட்டி, வெள்ளையாய் வேகவைத்த கோழி, காரம் மட்டும் ஆகவே ஆகாது. ஏன்டா அப்பு, மிளகாய் படாத மீனை நம் வீட்டில் பூனைக்கு வைப்போம், குழைந்த சோற்றை வயிற்றுப்போக்குக்காரனுக்குக் கொடுப்போம். இதைத் தின்னவா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள்? ஒரு மிளகாய்க்குப் பயப்படுகிற சரக்குக்கு இவ்வளவு பவுசா? கடைசியில் லேசாகப் பாதாம் கசக்கும் என்று பெருமை வேறு. கசப்பதற்குப் பாகற்காய் போதாதா?

உன் அப்பா செய்த கூத்தைக் கேள். முதல் காய் எடுக்கும் முன்னால் குரங்கணி மேல்காட்டுக் கருப்பனுக்குச் சேவல் அறுத்து, சுருட்டும் பிராந்தியும் வைப்போம் அல்லவா. இந்த வருஷம், "நம்ம பய அனுப்புன சீமைச் சரக்கு, மொதல்ல கருப்பனுக்குத்தான்" என்று பிராந்தி வாங்காமலே ஜீப்பில் ஏறிவிட்டார். தக்கையை எடுக்க வழி தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளி, காரச் சேவல் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தார். அருள் வந்து ஆடிய கண்ணுச்சாமி ஒரு வாய் ஊற்றினார், அப்படியே துப்பினார். "எவன்டா எனக்குப் புளிச்ச காடித்தண்ணிய வச்சது" என்று அரிவாளைத் தூக்கிவிட்டார். அப்பா வெரசாகக் கீழே போய்ப் பிராந்தி கொண்டு வரும்வரை ஒரு காய் எடுக்கவில்லை, ஆட்களெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காய் எடுக்க வருகிற வேலுத்தாய், "மதினி, ஒங்க மகன் அங்க ஊறுகாக் கம்பெனியிலயா இருக்கான்" என்று கேட்டு அத்தனை பேரையும் சிரிக்க வைத்தாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்க?

மிச்சத்தை ஊற்றிப் பித்தளை அண்டாவைத் துலக்கினேன். தங்கமாட்டம் மின்னுகிறது, உன் விளக்கத்தில் அதையும் சேர்த்துக்கொள். ஊற்றும் முன்னால் ஒரு காரியம் செய்தேன், அப்பாவிடம் சொல்லாதே. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு வேதியியல் பரீட்சை எழுதியவள் நான், புளித்த பழச்சாறு என்னவாகும் என்று தெரியாதவள் இல்லை. ஆனாலும் என் பிள்ளை தினம் வாயில் வைப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். நாறவில்லை. பூ வாசமாகத்தான் இருந்தது, நீ எழுதிய அந்தக் கசப்பும் வந்தது. அன்றிலிருந்துதான் பயம். உன் சின்ராசு மாமா தெருமுனைக்கு வரும்போதே நாற்றம் சொல்லிவிடும், அப்படியும் ஈரல் கெட்டுச் சாகிறவரை என் கூடப்பிறந்தவனை என்னால் நிறுத்த முடியவில்லை. இது நாறவும் நாறாது, நீயோ கடல் தாண்டி இருக்கிறாய், போனில் நான் எதை மோந்து பார்ப்பேன்?

ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள், வாளியில் துப்பிவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சம்மதிக்கிறேன், படிப்பில் சேர்ந்துகொள். பிரதீப்பிடம் மிளகாய்ப்பொடி கொடுத்திருக்கிறேன், அந்தச் சீக்காளிச் சோற்றில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள். கருப்பன் உனக்குத் துணை இருப்பார், நீ நல்லபடியாக இருப்பாய். நாலு பேர் பார்க்கிறார்களே என்று துப்ப மட்டும் வெட்கப்படாதே அப்பு. ஊரே பார்க்கச் சாமியே துப்பியது.

உன் அம்மா,
சந்திரவல்லி