இரண்டாவதாக வந்தவளுக்கு

இன்று காலை நம் பள்ளி மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரப் புல்லின் வாசனை கேட் வரைக்கும் வந்தது. மாணவிகளின் சைக்கிள் பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் சற்று நேரம் என்னால் உள்ளே போக முடியவில்லை.

பையன்கள் மட்டுமே சைக்கிள் ஓட்டிய அந்தப் புல்தரையில் நமக்கும் பந்தயம் வைக்கச் சொல்லி நச்சரித்தவள் நீ. பெயர் கொடுத்தது நாம் இருவர்தான். ஆட்டையாம்பட்டியிலிருந்து உன் அண்ணனுடைய சைக்கிளில் வந்தாய். பார் வைத்த ஆண்கள் சைக்கிள். விளையாட்டு டீச்சருக்குப் பயம். "ஒருத்தி கீழ உழுந்தாலும் சரி, இத்தோட பொம்பளப் புள்ளைகளுக்கு ரேஸ் கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

நான்கு சுற்று. மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் உன் தாவணி செயினில் சிக்கி, சைக்கிளோடு சாய்ந்தாய். நான் பிரேக் பிடித்தேன்.

"நிக்காத புள்ள, போ! ரெண்டு பேரும் நின்னா ரேஸே இல்லீன்னு ஆயிரும்!" என்று கத்தினாய்.

போனேன். முடிவுக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், தாவணியைக் கிழித்து எடுத்துவிட்டு நீ மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாய். பையன்கள் சிரித்தார்கள். மிச்சத்தையும் தனியாக ஓட்டி முடித்தாய்.

"உழுந்துட்டயா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். செயின் மாட்டிக்குச்சு, எறங்கி எடுத்தனுங்க."

பாவாடையில் முழங்காலருகே ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், பார்க்காதவர் போலத் திரும்பி நடந்தார். அடுத்த வருடம் ஒன்பது பேர் ஓட்டினோம். நீ இல்லை. படிப்பை நிறுத்தி உன்னைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

நான் படித்து, அதே பள்ளியில் ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். பள்ளிப் பதிவேட்டில் முதல் பந்தயத்துக்கு நேரே என் பெயர் மட்டும் இருக்கிறது. ஜெயித்தவர் பெயரைத்தான் எழுதுவார்களாம்.

போன வருடம் நீ போன் செய்தாய். குரல் மெலிந்திருந்தது. "டாக்டரு கைய விரிச்சுட்டாரு. ஒருக்கா வந்துட்டுப் போ புள்ள."

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றேன்.

ஒரு வாரம் பேரனுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் வீட்டில் பெயிண்ட் வேலை. இவையெல்லாம் சாக்கு. உன்னை அந்த நிலையில் பார்க்கப் பயந்தேன். நான்கு ஞாயிறுகள் போயின. பிறகு உன் மகளிடமிருந்து போன் வந்தது.

காரியம் முடிந்த அன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சைக்கிள் ரேஸ்ல ரெண்டாவதா வந்தேன்னு அம்மா எல்லார்த்துகிட்டயும் சொல்லுவாங்க. கடைசில, ஞாயித்துக்கெழமையானா பொடவ மாத்தி, தல சீவி உடச் சொல்லுவாங்க. நீங்க வருவீங்கன்னு."

இன்று அந்தப் பிள்ளைகளிடம் உன்னைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். உன் பெயரைத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கொடியை மட்டும் அசைத்தேன். இருபது பேர் என்னைக் கடந்து போனார்கள்.

உன்னோடு கழித்த நாட்களில் பல மறந்துவிட்டன. புடவை மாற்றிக்கொண்டு நீ வாசலைப் பார்த்திருந்த அந்த நான்கு காலைகள், நான் அங்கே இல்லாதபோதும், ஒன்றுவிடாமல் எனக்குத் தெரிகின்றன.