லிஃப்டுக்குள் எடை மெஷின்

செவ்வாய், இரவு

லிஃப்ட் கதவு திறந்தபோது செருப்பில்லாமல், வயிற்றை எக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் நின்றிருந்தேன். மூன்றாம் மாடிக்காரர், "என்ன சார், லிஃப்ட் தாங்குமான்னு டெஸ்டிங்கா?" என்றார். பல்லைக் காட்டினேன்.

எல்லாம் என் மகள் சுதாவால். அவள் பிசிக்ஸ் பரீட்சைக்குப் படிக்கையில், மாஸ், வெயிட் இரண்டும் ஒன்றுதானே என்று உளறிவிட்டேன். உடனே வீட்டிலிருந்த முள் மெஷினோடு என்னை லிஃப்டுக்குள் தள்ளினாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் சரிந்தது.

"பாத்தியா, இளைச்சுட்டேன்!"

"ஐயோ அப்பா, லிஃப்ட் கீழ வேகமெடுக்கறதால மெஷின் மேல அழுத்தம் குறையுது, அவ்ளோதான். நிலாவுக்குப் போனாலும் அங்க இழுப்பு கம்மி, வெயிட்தான் குறையும். உங்க மாஸ், அதாவது உடம்புல இருக்கற பொருளோட அளவு, ஒரு கிராம்கூடக் குறையாது."

லிஃப்ட் நின்றது. முள் எழுபதில் நின்றது.

"போன மாசம் எழுபத்தஞ்சுப்பா! வாக்கிங் வேலை செய்யுது!" என்று கை கொடுத்தாள். நானும் சிரித்தேன்.

வாக்கிங்குக்கு அல்சூர் ஏரிக்குப் போவது நிஜம். நாலு எட்டு வைப்பதற்குள் அசந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுவிட்டு வருகிறேன். வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு கவளம் குறைக்கவில்லை.

அவளிடம் இதைத்தான் சொல்லவில்லை: அந்த ஐந்து கிலோவை நான் குறைக்கவில்லை, கண்ணு. அதுவாகப் போயிருக்கிறது.