கட்டாமல் விட்ட ஒரு கம்பி

காக்கா,

இன்று கடையில் முதலாளி ஊதுபத்தி கொளுத்தினார். நான் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தேன். வாசனை வந்த உடனே என் இடது கை தானாக நீண்டு, இரண்டு விரலும் குச்சியைப் பிடிக்கிற மாதிரிக் குவிந்துவிட்டது. நான் எதையோ கேட்கிறேன் என்று நினைத்த பெரியவர், தன் மூக்குக்கண்ணாடி உறையை எடுத்து என் கையில் வைத்தார். திருகாணி கீழே விழுந்து உருண்டு போய்விட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மவுத்தாகிப் போனதிலிருந்து என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுவே எரிச்சலாக இருக்கிறது.

ஊதுபத்தி என்றால் மற்றவர்களுக்கு, இறந்துபோனவர்களுக்காகப் பாத்திஹா ஓதுவது ஞாபகம் வரும். எனக்கு உங்கள் விமானங்கள்தான் வரும். உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டால் உங்களுக்குப் பிடிக்காதே.

நான் ராமநாதபுரத்துக்குப் படிக்கப் போன புதிதில், அண்ணனைக் காக்கா என்று சொல்வதைக் கேட்டு அந்த ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். "உங்க காக்கா பறக்குமா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழக்கரை பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் பறக்கப் போவுது, விசா வந்திருச்சுன்னு போய்ச் சொல்லு" என்றீர்கள். மறுநாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்படியே சொன்னேன். அந்தப் பறப்பை நினைத்து உங்களுக்கு எவ்வளவு நடுக்கம் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வெளிநாட்டு வேலையிலிருந்து முதல் லீவில் வந்து நீங்கள் பெட்டியைத் திறந்தபோது சென்ட்டுக்கும் சோப்புக்கும் நடுவிலிருந்து ஒரு கிழிந்த படப்புத்தகம் வந்தது. அங்கே தெருவில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கியதாம். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுச் சுமை கட்டுனே?" என்றார். புத்தகம் முழுக்க ஆதிகாலத்து விமானங்கள். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவே குச்சிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கொடிக்கயிறு கட்டிய கொல்லைப்புறம் மாதிரி இருக்கிறதே என்றேன். அப்போதுதான் நீங்கள் அந்த ரகசியத்தைச் சொன்னீர்கள்.

"புள்ள, எனக்குப் பிளேன்ல ஏறுறதுன்னா பயம். யார்ட்டயும் சொல்லிராத."

நான் நம்பவில்லை. நீங்கள் அங்கே பார்த்தது சாரம் கட்டும் வேலை. வானத்தை முட்டுகிற கட்டடங்களில் இரும்புக் குழாய் மேல் நின்ற ஆள் நீங்கள். கம்பி கட்டுற கதையெல்லாம் என்னிடம் சொல்லாதீர்கள் என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உசரத்துக்குப் பயமில்ல. நான் கட்டுன சாரத்துல நான் நிக்கிறேன், ஒவ்வொரு முறுக்கும் என் கை முறுக்குனது. பிளேனுக்குள்ள உக்காந்தா எது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னே தெரிய மாட்டேங்குது. இதைப் பாரு, எல்லாம் வெளியில தெரியுது. இதுலன்னா நான் தைரியமா ஏறுவேன்."

ஏற முடியாதே, அதனால் செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தீர்கள். கடையில் விற்கிற பொம்மைப் பெட்டியை வாங்கி ஒட்டுவது உங்களுக்கு ஆகாது. எல்லாம் கையில் கிடைத்ததை வைத்துத்தான். பேசித் தீர்ந்த ஃபோன் கார்டைச் சுரண்டி இறக்கை, மூங்கில் சிம்பில் குச்சி, உங்கள் பழைய சட்டையின் கைப்பொத்தானில் சக்கரம். செய்து முடித்தால் தீப்பெட்டி மேல் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு சின்னது. இறக்கையும் உடம்பும் உங்கள் வேலை. கம்பி கட்டுவது என் வேலை. அதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடுகு மாதிரித் திருகாணிகளோடு பழகிவிட்ட கைக்கு அது வரும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

நிஜக் கம்பி நமக்குச் சரிப்படவில்லை. செம்பு இழையில் கட்டிய முதல் விமானம் நம் ஊர்க் கடல்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துப் போனது. பிறகு நீங்கள் கண்டுபிடித்ததுதான் ஐஸ்கிரீம் கரண்டி. பிளாஸ்டிக் கரண்டியின் காம்பை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகும்போது இரண்டு முனையையும் மெல்ல இழுத்தால் தலைமுடியை விட மெல்லிசாக ஒரு இழை வரும். அளவாக நறுக்கி, இரண்டு முனையிலும் துளிப் பசை தொட்டு, இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். வைத்ததும் தொய்வாகத்தான் இருக்கும். பசை காய்ந்த பிறகு ஊதுபத்தியின் கங்கை இழைக்குக் கீழே கொண்டு போனால், அந்தச் சூட்டில் அது தானாகச் சுருங்கி விறைத்துக்கொள்ளும். மயிரிழை கூடக் கிட்டப் போனால் போச்சு, அறுந்துவிடும். எத்தனை அறுத்திருப்பேன்! மேசை ஆடுகிறது என்று நான் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பீர்கள். எல்லாம் கட்டியானதும் கன்னத்தை உப்பிக்கொண்டு விமானத்தின் மேல் மெதுவாக ஊதுவீர்கள். தொய்ந்த கம்பி இருந்தால் அது மட்டும் நடுங்கும். நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் மறுபடி ஊதுபத்தியைக் கொளுத்துவேன்.

உங்களுக்குக் கல்யாணமான பிறகும் இது நிற்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி நீங்கள் பெண்வீட்டுக்குக் குடிபோனீர்கள். இரண்டு தெரு தள்ளி மதினி வீட்டில்தான் உங்கள் உடுப்பும் படுக்கையும். ஆனால் லீவில் வந்தால் பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் உம்மாவின் தேத்தண்ணிக்கு இங்கே வந்துவிடுவீர்கள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் வரை அது நம் நேரம். "அக்காளும் தங்கச்சியும் மாதிரி உக்காந்து தும்பி கட்டுறீகளாமே" என்று மதினி கேலி செய்ததாகச் சொல்வீர்கள். அவர் ஒரு தடவை கூட வந்து பார்த்ததில்லை. பார்க்காததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். உங்களில் ஒரு பங்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு லீவுக்கு ஒரு விமானம். அதிலும் ஒரு கம்பியை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டுப் போவீர்கள். அது உங்கள் சட்டம். பறக்கும்போது இறக்கையைத் தாங்குகிற கம்பி தனி, தரையில் நிற்கும்போது தாங்குகிற கம்பி தனி என்று எனக்குப் பிரித்துச் சொன்னவர் நீங்கள்தான். நீங்கள் விட்டுவைப்பது எப்போதும் தரைக்கம்பி ஒன்று.

"இது கெடக்கட்டும். நான் எறங்குனப்புறம் கட்டிக்கலாம்."

அடுத்த லீவில் வந்ததும் வராததுமாக, உம்மாவுக்கு ஸலாம் சொன்ன கையோடு, அந்தக் கம்பியை நானும் நீங்களும் கட்டி முடிப்போம். அதன் பிறகுதான் உங்கள் முகத்தில் இரத்தம் ஓடும். அதன் பிறகுதான் நீங்கள் ஊருக்கு வந்துவிட்டதாக எங்களுக்கும் இருக்கும்.

போன லீவின் கடைசி நாளும் அப்படித்தான் முடிந்தது. நாலு பக்கமும் உள்ளே தெரிகிற சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் விமானத்தை வைத்து, மூடியை மூடி, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினீர்கள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. "வாறேன் புள்ள" என்றீர்கள். நான் கரண்டிக் காம்பு தீர்ந்துபோச்சு, வரும்போது கொண்டு வாருங்கள் என்றேன். எல்லாம் பேசியிருக்கலாம், நான் பேசியது கரண்டியைப் பற்றி.

நீங்கள் அங்கே ரூமில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று ஃபோன் வந்தது. மாரடைப்பு என்றார்கள். மையித்தைக் கொண்டு வர வேண்டுமா, அங்கேயே அடக்கலாமா என்று மதினியிடம்தான் கேட்டார்கள். அவர் யோசிக்கக்கூட இல்லையாம். "அங்கனயே அடக்கிருங்க" என்றுவிட்டாராம். எங்களுக்கு வந்தது ஒரு படம். ஃபோனில், மணல்மேடு ஒன்று, தலைமாட்டில் ஒரு கல். உம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மணல்தான் பெரிதானது. "எம் மவன் மொகத்தக் காட்டலியே" என்றார். அதையே இன்றுவரை சொல்கிறார்.

மதினியை நான் மன்னிக்கவில்லை காக்கா. சீக்கிரம் அடக்குவதுதான் நல்லது என்று ஊரே சொன்னது. எனக்கும் தெரியும். ஆனாலும் முகத்தைப் பார்க்காமல், தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்காமல், நீங்கள் இல்லை என்று நான் எப்படி நம்புவது? இந்த வீட்டில் உங்களுக்காக ஒரு ஊதுபத்தி கூட ஏற்றவில்லை. எனக்கு நீங்கள் லீவு தள்ளிப்போன ஆள்தான். மேசையில் விமானம் இருக்கிறது, ஒரு கம்பி பாக்கி இருக்கிறது, அப்படியென்றால் நீங்கள் வர வேண்டும். தூசி தட்டக்கூட நான் அந்தக் கூட்டைத் திறக்கவில்லை.

மதினி நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்து, போன வாரம் உம்மாவைப் பார்க்க வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உம்மாவிடம் இருந்துவிட்டு, கேட்காமலே என் அறைக்குள் வந்து, அலமாரியில் வரிசையாக இருந்த உங்கள் விமானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்ததைக் குனிந்து பார்த்து, "இதுல ஏன் இந்தப் பக்கம் ஒரு கம்பி இல்ல?" என்றார். எவ்வளவு கூர்மையான கண்! எனக்குக் கோபம்தான் வந்தது.

"காக்கா வந்து கட்டுறதுக்கு" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எம் மேல கோவமாத்தான் இருக்கே" என்றார்.

"மொகத்தக் கூடப் பார்க்க விடலியே மதினி. உம்மா தெனமும் கெடந்து அழுவுறாங்க. கொண்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பொட்டியில வச்சு, சரக்கு ஏத்துற எடத்துல வச்சுத்தான் கொண்டு வருவாகளாம். அவுகளுக்குப் பிளேன்னாலே பயம் புள்ள. ஒனக்குத் தெரியாது. போற அன்னைக்குக் காலையிலேருந்து எங் கையப் பிடிச்சிருப்பாக, கை ஐஸா இருக்கும். யார்ட்டயும் சொல்லிராதன்னு சொல்வாக. உசுரோட, பக்கத்துல நாலு பேரோட ஏறுனப்பவே அந்த நடுக்கம். கடைசியா ஒருக்க, ஒத்தையில, இருட்டுக்குள்ள போட்டு ஏத்தி விடச் சொல்றியா? எனக்கு மனசு வரல. எனக்கு மட்டும் மொகத்தப் பார்க்க ஆசை இல்லாமலா இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரிடமும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தை என்னைத் தவிர யாரும் அறியமாட்டார்கள் என்று பெருமைப்பட்ட நான், ஃபோன் வந்த அன்றைக்கு அதை ஒரு நிமிஷம் கூட நினைக்கவில்லை. அவர் அதை மட்டும்தான் நினைத்திருக்கிறார். நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

பிறகு அவரே எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கட்டிரு புள்ள. அவுக வரணும், வந்து இதைக் கட்டணும்னு ஏன் வச்சிருக்கே? வரணும்னா மறுபடியும் பிளேன் ஏறணும்ல" என்றார்.

கரண்டி இல்லை என்றேன். தெருமுனைக் கடைக்கு ஆளனுப்பி ஐஸ்கிரீமே வாங்கி வந்தோம். உம்மாவுக்குக் கொடுத்தோம், உம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டார். கூட்டைத் திறந்து விமானத்தை வெளியே எடுத்தேன். மெழுகுவர்த்தியை மதினி பிடித்துக்கொண்டார். இழை எடுத்தேன், நறுக்கினேன், பசை தொட்டு வைத்தேன். காயும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதுபத்தியை மதினிதான் கொளுத்தி என் கையில் கொடுத்தார். வாசனை அறையை நிறைத்து உம்மா இருந்த இடம் வரை போனது. உம்மா உள்ளே இருந்து மெதுவாக ஓதத் தொடங்கினார். ஓதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

முதல் இழை அறுந்துவிட்டது. இரண்டாவது நின்றது. தொய்வாக இருந்தது, கங்கைக் கீழே கொண்டு போனதும் மெல்ல மெல்ல நேரானது. நான் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினேன். எந்தக் கம்பியும் நடுங்கவில்லை.

மதினி இப்போது அசருக்குப் பிறகு தேத்தண்ணிக்கு இங்கே வருகிறார். உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் இடுக்கி என் கைப்பையில் இருக்கிறது. இடது கட்டைவிரலில் ஊதுபத்தி சுட்ட வடு இருக்கிறது. நீங்கள் இல்லாதது அன்றைக்கு இருந்ததை விட இப்போது அதிகமாக வலிக்கிறது. காத்திருக்கும்போது இவ்வளவு வலிக்கவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். கம்பியைக் கட்டியாயிற்று காக்கா. இனி நீங்கள் எந்தப் பிளேனிலும் ஏற வேண்டியதில்லை.