எட்டு போல்ட்டுகள்

நாள் 209, 07:30
செவ்வாய்க் கோள், மூன்றாம் குடியிருப்பு. எழுதுவது வேதவல்லி, நிலத்தடி நீர் ஆய்வாளர். வீட்டில் நான் ஒருத்திதான். ஆறாவது நாளாகப் புழுதிப் புயல். சூரியத் தகடுகள் சும்மா கிடக்கின்றன. மின்சாரம், சூடு, காற்று எல்லாம் இப்போது எஞ்சின் தலையில். பூமியில் ஒரு சின்னக் காரை இழுத்த மூன்று சிலிண்டர் எஞ்சின் அது. இங்கே மீத்தேனும் சேமித்த ஆக்சிஜனும் குடித்து ஓடுகிறது. தண்ணீர் மட்டம் சரி. ஆயில் சரி.

நாள் 209, 13:15
சரியில்லை. வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் போச்சு. எஞ்சினை நிறுத்தினேன். பேட்டரி ஐம்பது மணி நேரம் தாங்கும். மாற்று ஹெட் ஒன்று கைவசம் இருக்கிறது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இரண்டாம் குடியிருப்பில் செவ்வந்திலிங்கம் தனியாக இருக்கிறான். போன மாதம் இந்த எஞ்சினுக்கு, ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் புது கேஸ்கட் போட்டவன் அவன்தான். ரேடியோவில் கூப்பிட்டேன்.

"பதறாதீங்க அக்கா. ஆக்சிஜன் எவ்ளோ இருக்கு?"

நான் எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன், இவன் ஆக்சிஜனைக் கேட்கிறான். பதில் சொல்லவில்லை.

நாள் 210, 09:40
தண்ணீரை வடித்து, பெல்ட்டில் குறி வைத்துக் கழற்றினேன். ஹெட் போல்ட் எட்டு. அதில் நான்கு, முக்கவே வேண்டாமல், சும்மா கழன்று வந்தன. இறுக்கியவன் அவன். அவனுடைய ஆக்சிஜன் இயந்திரம் இரண்டு வாரமாக நொண்டுகிறது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டுக் காற்று யாருக்கு? புத்தி வேண்டாத இடத்துக்குப் போகிறது. போகட்டும்.

நாள் 210, 15:00
பழைய ஹெட்டின் அடியில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், வளைந்திருந்தது. பிளாக்கின் மேல்முகத்தைச் சுரண்டித் துடைத்து, போல்ட் துளைகளில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்தேன். புது கேஸ்கட், மேலே புது ஹெட். இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சின் பிடியில் ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது. இறுக்கும் வரிசையை அவனிடம் கேட்டேன். வேறு வழி?

"நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் போங்க. மூணு சுத்து. அப்புறம் ஓட்டி, ஆறவிட்டு, இன்னொரு தடவ இறுக்கணும். போன தடவ மாதிரியேதான் அக்கா. ஆக்சிஜன் எவ்ளோன்னு சொல்லவே இல்லியே? காலைல கெளம்பி வரேன்."

போன தடவை மாதிரியா? கிண்டலா? வராதே என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது.

நாள் 211, 10:10
எட்டு போல்ட்டையும் அவன் சொன்ன வரிசையில் இறுக்கி, பெல்ட்டை மாட்டி, புது ஆயிலும் தண்ணீரும் ஊற்றினேன். முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சூடேறியதும் ஆறுவதற்காக நிறுத்தினேன்.

திரையில் அவனுடைய திறந்த வண்டியின் புள்ளி. பன்னிரண்டு கிலோமீட்டர். கூரையிலுள்ள வழிகாட்டிச் சிக்னல் இல்லாமல் இந்தப் புழுதியில் யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அதை அணைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிப் போகட்டும்.

நாள் 211, 12:05
"அக்கா, சிக்னல் வரல. கரண்டு சுத்தமா போயிடுச்சா? நீங்க அளவு சொல்லலைன்னதும் கம்மியாத்தான் இருக்கும்னு ரெண்டு சிலிண்டர் ஆக்சிஜன் ஏத்திட்டு வந்திருக்கேன். திரும்பிப் போக சார்ஜ் இல்ல. இங்கதான் சுத்திக்கிட்டிருக்கேன்."

பசப்புகிறான். பதில் கொடுக்கவில்லை.

நாள் 211, 13:50
எஞ்சின் ஆறிவிட்டது. போன தடவை எவ்வளவு இறுக்கினான் என்று பார்க்க இதே குறிப்பில் பின்னால் போனேன். நாள் 188. நான் எழுதியது:

"செவ்வந்தி புது கேஸ்கட் போட்டான். ஓட்டி ஆறிய பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டுமாம். ஸ்பேனர், ரெஞ்செல்லாம் பூஜையில் வைத்துவிட்டேன், நாளைவரை தொடக்கூடாது என்று தடுத்தேன். காலையில் நானே இறுக்கிவிடுகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன்."

நாள் 189-இல் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நேற்று எடுத்தபோது ரெஞ்சில் குங்குமம் அழியவே இல்லை.

13:54
சிக்னலைப் போட்டேன். கூப்பிடுகிறேன். செவ்வந்தி, நேரே வா.

14:20
பதில் இல்லை. புள்ளி இரண்டு கிலோமீட்டரில் நிற்கிறது. நடந்து போகிறேன்.

17:40
இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவருக்கு. அவன் உடையின் காற்று தீர்ந்திருந்தது. மடியில் இரண்டு சிலிண்டர். இரண்டும் சீல் உடையாமல் இருக்கின்றன. என்னிடம் மின்சாரமும் காற்றும் இல்லை என்று நம்பி, அவற்றை எனக்காக விட்டுவைத்தான்.

எட்டு போல்ட்டையும் மறுபடி இறுக்கினேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது.